வெயில் தணிந்த பிறகும், வெள்ளம் வடிந்த பிறகும்

மரியா புயல் 2017 செப்டம்பரில் கரீபியக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியது. அரசு அறிவித்த சாவுக் கணக்கு 64. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே அரசு அந்த எண்ணை 2,975 என்று திருத்தியது. புயல் வீசிய செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை, வழக்கமாக நேரும் மரணங்களைவிடக் கூடுதலாக எத்தனை நேர்ந்தன என்று ஆராய்ந்து எடுத்த மதிப்பீடு அது. மின்சாரம் திரும்ப மாதக்கணக்கில் ஆகிற ஊரில் டயாலிசிஸ் தள்ளிப்போகும், ஆக்சிஜன் கருவி நிற்கும், குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலின் கெடும். இப்படிப் போகும் உயிர்கள் பெரும்பாலும் புயலின் முதல் கணக்கில் வருவதில்லை.

காலநிலை மாற்றத்தால் உடல்நலத்துக்கு என்ன ஆகும் என்று பேசும்போது, பெரும்பாலும் 48 டிகிரி வெயிலையும் இடுப்பளவு வெள்ளத்தையும் படம்பிடித்துக் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் போகிற உயிர்கள் உண்டு. ஆனால் அதற்கடுத்த இரவுகளிலும் வாரங்களிலும் போகிறவை பல சமயம் அதைவிட அதிகம். அவற்றில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். எந்த ஆபத்து எத்தனை நாள் கழித்து வரும் என்று தெரிந்திருந்தால் போதும், அதற்கு முன்னால் போய் நின்றுகொள்ளலாம்.

முதலில் வெப்பம். உடலின் சூட்டை வெளியேற்றுவது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுந்தால் எதுவும் போகாது. நீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டத்தான் செய்யும். புவியின் வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்றால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும் என்பதால், வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தே கூடிக்கொண்டு போகின்றன.

அதனால் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். 45 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 21. வெறும் 36 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அது 32. கேட்பவருக்கு 45தான் பயங்கரமாகத் தெரியும். நிழலில், நீர் குடித்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும் உடலுக்கு இரண்டாவதுதான் எமன். ஈரக்குமிழ் அளவு 35ஐத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று நெடுங்காலம் ஏட்டளவில் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் 31க்குப் பக்கத்திலேயே உடலின் உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களின் எல்லை அதற்கும் கீழே. வறண்ட வெயில் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது வேறு வழியில், நீரை வற்றவைத்துக் கொல்லும்.

சூட்டை வெளியே தள்ள, இதயம் தோலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்ப வேண்டும். அந்த ரத்தம் குடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் பிடுங்கி அனுப்பப்படுகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. வியர்வையால் ரத்தம் கெட்டியாகிறது. குடலுக்கு ரத்தம் குறைந்தால் அதன் உட்சுவர் கசியத் தொடங்கி, பாக்டீரியா நச்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன. ஏற்கெனவே பலவீனமான இதயமோ சிறுநீரகமோ உள்ளவர் இதை ஒரு பகல் தாங்குவார். இரவில் உடல் ஆறினால் மறுநாளும் தாங்குவார். இரவிலும் ஆறவில்லை என்றால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இதயம் கைவிடுகிறது. இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதப்படுகிறது.

என்னைக் கேட்டால், வெப்ப அலை எச்சரிக்கையில் பகல் உச்சத்தைவிட இரவுக் குறைந்தபட்சத்தைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். கான்கிரீட் கூரையும் சுவரும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு முழுக்க உள்ளே விடுகின்றன. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது கட்டடத்துக்குள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் அதிகமானோர் இறந்தபோதும் மூடிய வீட்டுக்குள் தனித்திருந்த முதியவர்களே பெருமளவில் போனார்கள். 'வெளியே போகாதீர்கள்' என்ற அறிவுரை இவர்களில் யாரையும் காப்பாற்றியிருக்காது. மாலை ஏழு மணிக்கு ஒருவர் கதவைத் தட்டி, அறைக்குள் நின்று பார்த்து, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டும் கொடுத்திருந்தால் பலர் பிழைத்திருக்கலாம்.

மின்விசிறி பற்றி ஒரு வார்த்தை. காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது விசிறி சூட்டைத்தான் அள்ளி மேலே கொட்டும். அறைவெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை மட்டும் நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும், அதனால் அதற்கு முன்பே விசிறியின் பயன் குறைந்துவிடும். கை, கால், கழுத்து, முகத்தை அடிக்கடி நனைத்துக்கொண்டே இருந்தால் வியர்வை செய்யாத வேலையை அந்தத் தண்ணீர் செய்யும். இதற்குக் குளிர்ந்த நீர் தேவையில்லை, குழாய் நீரே போதும்.

வெப்பவாதம்: அரை மணி நேரம்தான்

உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய், கூடவே பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வழக்கமில்லாத கோபம் வந்தாலோ, வலிப்போ மயக்கமோ ஏற்பட்டாலோ அது வெப்பவாதம். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையால் போன உயிர்கள் நிறைய. உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுபவருக்கு உடல் முழுக்க வியர்வை வழிந்துகொண்டிருக்கும். அக்குளில் வைக்கும் வெப்பமானியும் இங்கே ஏமாற்றும். உள்ளே 41 இருக்கும்போது 38.5 காட்டலாம். அறிவு தடுமாறுகிறதா என்பதைப் பாருங்கள், எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

விழுந்தவரை அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டும். எனவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். உழைப்பில் விழுந்த இளவயதினருக்கு மிகச் சிறந்த வழி, பெரிய தொட்டியில் ஐஸ் போட்ட நீரில் கழுத்துவரை அமிழ்த்துவது. ஒருவர் தலைக்குப் பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே துணி கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொட்டி இல்லையா? தார்ப்பாயை விரித்து அவரை நடுவில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் ஐஸும் கொட்டிக் குலுக்கலாம். அதுவும் முடியாதபோது, ஐஸ் நீரில் நனைத்த துண்டுகளைத் தலை, மார்பு, கை, கால் எங்கும் போட்டு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாமல் விட்ட துண்டு சில நிமிடங்களில் சூடேறிப் போர்வையாகிவிடும். நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். முதியவர் என்றால் உடல் முழுக்க நீர் தெளித்து வேகமாக விசிறுவது அவர் இதயத்துக்கு எளிது.

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே வெப்பநிலையின் இலக்கை உயர்த்துகிறது, அந்த மாத்திரை அதைத்தான் இறக்கும். வெப்பவாதத்தில் இலக்கு உயரவில்லை, உடல் தோற்றுவிட்டது. மாத்திரையால் பயன் இல்லை, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குக் கெடுதல் மட்டும் உண்டு. நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

வெயிலில் வேலை செய்பவர்களில் இறப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், அல்லது விடுப்பு முடிந்து திரும்பியவர்கள். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம் மட்டும், பிறகு ஒவ்வொரு நாளும் 20 சதவீதம் கூட்டுவது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த முறை. நீர், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது சுமார் 240 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று இருக்கக் கூடாது. அதே நேரம் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது, ஏனெனில் வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே வலிப்பில் கொண்டுபோய் விடும். பல மணி நேரம் வியர்த்தவருக்கு ஓஆர்எஸ் நல்லது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் பேதி கூடும், ஆகவே கைப்பிடி அளவெல்லாம் வேண்டாம். மத்திய அமெரிக்காவின் கரும்பு வயல்களில் நாற்பது வயதுகூட ஆகாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. நாள்தோறும் வெப்பத்தில், நீர் வற்றிய உடலோடு செய்யும் கடும் உழைப்பு அதில் முக்கியக் காரணமாகப் பார்க்கப்படுகிறது. ஒரே நாளில் விழாதவரும் பத்தாண்டில் விழலாம்.

கோடை வருமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: 'நான் சாப்பிடும் மாத்திரைகளில் வெயிலோடு ஒத்துப்போகாதது எது?' ஃபுரோசிமைடு போன்ற, சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள் நீரை வற்றவைக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயநோய்க்கும் தரும் பீட்டா பிளாக்கர்கள் இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். பழைய ரக அலர்ஜி மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் வியர்வையை அடக்கும். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுபவருக்கு உடலில் நீர் குறைந்தால் அதே அளவு மருந்தே நஞ்சாகும்; கைநடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் அதன் முதல் அடையாளங்கள். எதையும் தானாக நிறுத்தக் கூடாது. அளவை எப்போது மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் தலைவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கம் வற்றிய சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பி பலவற்றை 30 டிகிரிக்கு மிகாமல் 28 நாள்வரை வெளியே வைக்கலாம். உங்கள் குப்பியின் தாளில் உள்ள அளவைப் படித்துக்கொள்ளுங்கள். ஐஸை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும்கூட.

வெள்ளத்துக்குப் பிறகு

முதல் இரவிலேயே வரும் ஆபத்து ஜெனரேட்டர். மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று உள்ளேயோ ஜன்னலோரத்திலோ வைக்கிறார்கள். அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்புறம் பார்க்கும்படி வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், காரணத்தை வெளியே போன பிறகு யோசியுங்கள்.

முதல் ஐந்து நாட்களில் பேதி வரும். காலரா, கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தாக்கும். 2019 மார்ச்சில் மொசாம்பிக்கை இடாய் புயல் தாக்கி இரண்டு வாரத்துக்குள் அங்கே காலரா அறிவிக்கப்பட்டது. குடிநீரைக் கொதிக்கவைத்து, கொப்பளிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விடுவதே மிக உறுதியான வழி. எரிபொருள் இல்லாதபோது, வாசனையும் நிறமும் சேர்க்காத 5 முதல் 6 சதவீத பிளீச் திரவத்தில் லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கல் நீரானால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு 4 சொட்டு. அரை மணி நேரம் காத்திருந்தபின் லேசாகக் குளோரின் மணம் வர வேண்டும். வராவிட்டால் நீரிலிருந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள், இன்னொரு முறை போட வேண்டும். டீசலோ பூச்சிமருந்தோ கலந்த நீரைக் கொதிக்கவைத்தாலும் தேறாது, குளோரின் போட்டாலும் தேறாது.

வெள்ளம் புகுந்த கிணற்றைத்தான் அதிகம் பேர் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். கணக்கு எளிது: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 3.14 ÷ 4, எல்லாம் மீட்டரில். வருவதை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். முதல் சுற்றில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும், மொத்தம் 471 கிராம். நல்ல பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம்தான் குளோரின், ஆகவே ஏறத்தாழ 1.4 கிலோ பவுடர். அதை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாக்கி, முக்கால் வாளிக்கு நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது நீரைக் கடினமாக்கும். 1.4 கிலோவை ஒரே வாளியில் கரைக்க முயலாமல், வாளிக்கு 100 கிராமாகப் பல தடவை செய்யுங்கள். தெளிவை இன்னொரு வாளியில் ஊற்றிக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டினால் அடிவரை கலக்கும். உள்சுவரிலும் ஊற்றிக் கழுவுங்கள். 12 மணி நேரம் விட்டு, முழுவதையும் இறைத்து, வீட்டுக்கும் ஓடைக்கும் தள்ளிக் கொட்டுங்கள். புது நீர் ஊறியபின் வழக்கமான அளவு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். இந்தக் கிணற்றுக்கு 24 கிராம் ஆகும். அரை மணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். பெரும்பாலும் தோற்பது பவுடரால்தான்: ஈரமும் சூடும் பட்ட மூட்டையில் குளோரின் பறந்து போயிருக்கும். மூக்கைச் சுள்ளென்று தாக்காத, கட்டிபிடித்த பவுடரை நம்பாதீர்கள். அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு எந்தப் பிளீச்சையும் கலக்காதீர்கள், வரும் வாயு நுரையீரலைப் பொசுக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் எலிக்காய்ச்சல். சேற்றில் நடந்தவருக்குத் திடீர்க் காய்ச்சலும், கெண்டைக்காலில் தொட முடியாத வலியும், கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், 'நான் வெள்ளநீரில் இறங்கினேன்' என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடும். மஞ்சள் காமாலை வரும்போது சிறுநீரகமும் விழுந்திருக்கும். சுத்தப்படுத்தும் வேலையில் இறங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 200 மில்லிகிராம் கொடுப்பதுண்டு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆகாது.

கொசுக்காய்ச்சல் அதற்கும் பிறகு. பெருமழை முதலில் கொசுப்புழுக்களை அடித்துக்கொண்டு போகும். கொசு குறைந்ததாகத் தெரியும். நீர் வடிந்து, வாளியிலும் டயரிலும் மூடாத தொட்டியிலும் தங்கியபின் கணக்கு மாறும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருந்து, நனைந்ததும் பொரிக்கும். கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். வெப்பம் 29 டிகிரியை ஒட்டி இருந்தால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகிக் கடிக்குத் தயாராகும் காலமும் சுருங்கும். ஆகவே வாரத்தில் ஒரு குறித்த நாளில் எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஓரத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை ஒட்டியிருப்பது அந்த ஓரத்தில்தான், நீரை மட்டும் கொட்டினால் அது அப்படியே இருக்கும். டெங்குவில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியடையும் அந்த இரண்டு நாள்தான் மிக ஆபத்தானது: ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், குழந்தை துவண்டு போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது.

இடிமழையும் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது பலருக்குத் தெரியாது. 2016 நவம்பர் 21 மாலை மெல்போர்னில் இடிமழைக் காற்று வீசியது. புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகளாகி மூச்சுக்குள் போனது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமா இருந்ததே இல்லை, தும்மல் அலர்ஜி மட்டும்தான். புல் பூக்கும் பருவத்தில் அப்படிப்பட்டவர்கள் மழைக்கு முந்திய அந்தக் குளிர்காற்றை ரசிக்க வெளியே நிற்காமல் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.

நோயோ புயலோ வெப்பமோ எதுவானாலும், இறந்தவரின் சான்றிதழ் சரியாக எழுதப்படாவிட்டால் அடுத்த ஆண்டுக்கான ஆம்புலன்ஸும் குளிர்விக்கும் அறையும் கணக்கிலேயே வராது. சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் இயற்கை வெப்பத்தின் தாக்கத்துக்கு 'எக்ஸ் 30' என்று தனிக் குறியீடு இருக்கிறது. மருத்துவர் அதை எழுத வேண்டுமென்றால் அவருக்கு ஆதாரம் வேண்டும். வெப்ப அலை நாளில் வீட்டுக்குள் ஒருவர் இறந்து கிடந்தால், முதலில் போகிறவர் ஜன்னலைத் திறக்குமுன் அறையின் வெப்பநிலையையும், முடிந்தால் உடலின் வெப்பநிலையையும், நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். ஜன்னல் மூடியிருந்ததா, விசிறி ஓடியதா, மின்சாரம் எத்தனை மணியிலிருந்து இல்லை, அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார், கடைசியாக அவரோடு பேசியவர் யார், எப்போது என்பதையும் அதே தாளில் எழுதி, சான்றிதழ் எழுதும் மருத்துவரிடம் கொடுங்கள்.